யாரும் நினைவூட்டாதபோது: கல்லூரிப் பொதுக்கல்வியின் கற்றல் இலக்குகள்

எந்தக் கல்லூரியின் பொதுக்கல்விப் பாடத்திட்டத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் கற்றல் இலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். விமர்சனச் சிந்தனை, தெளிவாக எழுதவும் பேசவும் தெரிவது, எண்ணறிவு, அறிவியல் பார்வை, அறவுணர்வு, பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்வது, வாழ்நாள் முழுக்கக் கற்கும் ஆர்வம். மேலே இருக்கும் கல்லூரியின் பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதனாலேயே இவை குழுக் கூட்டத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேறிவிடுகின்றன. அப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். மேஜர், அதாவது மாணவரின் முதன்மைத் துறை, எதுவானாலும் எல்லா மாணவரும் படித்தாக வேண்டிய பாடங்களைத்தான் பொதுக்கல்வி என்கிறோம். அமெரிக்க முறையைப் பின்பற்றும் கல்லூரிகளில் 120 கிரெடிட் பட்டப்படிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போய்விடும். ஒரு இளைஞரின் வாழ்க்கையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கும் மேல் வாங்கிக்கொள்கிறோம். அதை எதற்காக வாங்கினோம் என்று அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. பட்டம் வாங்கிப் போகிறவர்களில் பலர் படித்த துறைக்கே போவதில்லை. ஆனால் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். எல்லோரும் ஒருநாள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒரு சோதனை முடிவைக் கையில் வாங்குவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு உதவப்போவது பொதுக்கல்வி வகுப்புகளில் கற்றது மட்டும்தான்.

இத்தனை நாள் இதோடு மல்லாடியதில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகியிருக்கிறது. பொதுக்கல்வியின் ஒரு இலக்கு நிறைவேறியதா என்பதை அதைக் கற்பித்த வகுப்பில் வைத்துச் சொல்லவே முடியாது. இன்னொரு வகுப்பில், இன்னொரு ஆசிரியரிடம், யாரும் நினைவூட்டாதபோது மாணவர் அதைத் தானாக எடுத்துப் பயன்படுத்துகிறாரா என்று பார்த்தால்தான் தெரியும். இலக்குகளை எழுதும்போதே இதை மனதில் வைத்து எழுத வேண்டும். பெரும்பாலான பட்டியல்கள் அப்படி எழுதப்படவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பொதுச் சுகாதாரம் பற்றிய என் வகுப்பில், ஒரு நோய்க்கு ஊரில் எல்லோருக்கும் சோதனை செய்ய வேண்டுமா என்று வாதிட்டுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருவர் எழுதினார்: "இந்தச் சோதனை 95 சதவீதம் துல்லியமானது. ஆகவே பாசிட்டிவ் வந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது." வாதம் முழுக்க அந்த வரியின் மேல்தான் நின்றது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் பேர். நோய் நூற்றில் ஒருவருக்கு, அதாவது 100 பேருக்கு இருக்கிறது. அவர்களில் 95 பேரைச் சோதனை சரியாகப் பிடித்துவிடும். நோயில்லாத 9,900 பேரிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். அது 495 பேர். மொத்தம் 590 பேர் பாசிட்டிவ், அதில் உண்மையில் நோயாளிகள் 95 பேர். நூற்றுக்குப் பதினாறு. மிச்சம் எண்பத்து நாலு பேர் நோயே இல்லாமல் பயந்து போய் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் சோதனை செய்வதா, அறிகுறி இருப்பவர்களுக்கு மட்டும் செய்வதா என்ற கேள்வியே இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

அந்த மாணவி முந்தைய செமஸ்டரில்தான் புள்ளியியல் படித்திருந்தார். இதே கணக்கை அங்கே போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த வரியைக் காட்டி, "போன செமஸ்டர்ல இந்த மாதிரி ஒண்ணு படிச்சிருப்பீங்களே" என்று கேட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆமா மேடம், ஆனா அது ஸ்டாட்ஸ் கணக்கு. இது கட்டுரைதானே?" என்றார். நோட்டை எடுத்து அங்கேயே நாலு வரியில் போட்டும் காட்டிவிட்டார்.

அவருக்குக் கணக்குத் தெரியும். எப்போது போட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அவர் அறிவுக்குறைவால் இப்படி ஆகவில்லை. அவர் படித்த பாடத்திட்டத்தில் எந்த இடத்திலும் யாரும் அவரை வகுப்பு எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போகவில்லை. நம் ஆவணத்தில் மட்டும் "எண்ணறிவு" என்ற இலக்குக்கு எதிரே டிக் விழுந்துவிட்டது.

இது புதிய பிரச்சினை இல்லை. 1828-இல் யேல் கல்லூரி தன் பாடத்திட்டத்தை நியாயப்படுத்தி வெளியிட்ட அறிக்கை, கல்லூரிப் படிப்பின் நோக்கங்களாக இரண்டைச் சொன்னது. ஒன்று மனதைப் பயிற்றுவிப்பது, இன்னொன்று அதை அறிவால் நிரப்புவது. இரண்டில் முதலாவதே அனேகமாக முக்கியமானது என்றும் சொன்னது. லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் மனதை உரமேற்றும், அப்படி உரமேறிய மனது எந்த வேலையையும் செய்யும் என்பது அன்றைய நம்பிக்கை. இன்று "விமர்சனச் சிந்தனை" என்று நாம் எழுதுவதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

அந்த நம்பிக்கையை 1901-இல் உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் சோதித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் வெட்டிய வடிவங்களின் பரப்பளவைக் கண்ணால் பார்த்து மதிப்பிட ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவகை வடிவத்தில் நன்றாகத் தேறியவர்களுக்குக்கூட வேறு வடிவத்தையோ வேறு அளவையோ கொடுத்தபோது அந்தத் தேர்ச்சி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஒன்றில் பெற்ற பயிற்சி தானாக இன்னொன்றுக்குப் பரவிவிடாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்த பரிசோதனை 1980-இல் மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் வெளியிட்டது. ஒரு கதை. நடுவில் கோட்டை, அதற்கு நாலா பக்கமும் சாலைகள். சாலைகளில் கண்ணிவெடி. பெரிய படையாக ஒரே வழியில் போனால் வெடித்துவிடும். தளபதி படையைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக் கோட்டையைப் பிடிக்கிறார். இதைப் படித்தவர்களிடம் அப்புறம் ஒரு மருத்துவப் புதிர் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் கட்டி. கதிரைப் பலமாகச் செலுத்தினால் வழியிலுள்ள நல்ல திசுவும் அழியும், பலவீனமாகச் செலுத்தினால் கட்டி அழியாது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து பலவீனமான கதிர்களைக் கட்டியில் வந்து குவியும்படி செலுத்துவதுதான் விடை. கதை கேட்காதவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கதையைப் படித்தவர்களிலும் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் தானாகப் பொருத்திப் பார்த்தார்கள். "முன்னே படித்த கதை உதவும்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் விடையைச் சொல்லிவிட்டார்கள்.

கதை அவர்கள் தலையில்தான் இருந்தது, சில நிமிடங்களுக்கு முன்பு படித்தது. இருந்தும் குறிப்பு இல்லாமல் வரவில்லை. என் மாணவியும் அப்படித்தான். நான் விரலை வைத்துக் காட்டியது ஒரு குறிப்பு. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு, மருத்துவமனை வராந்தாவில் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, விரலை வைத்துக் காட்ட யார் வருவார்கள்?

அதே ஆய்வாளர்கள் பிறகு 1983-இல் இன்னொன்றும் காட்டினார்கள். ஒரே தீர்வு உள்ள இரண்டு வெவ்வேறு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், தானாகப் பொருத்திப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. வேறுவேறு உடையில் வரும் ஒரே விஷயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது மூன்றாவது உடையில் வரும்போது அடையாளம் தெரிகிறது. பொதுக்கல்விப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரே ஆராய்ச்சி முடிவு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு இலக்கை ஒரு பாடத்தில் அடைத்து வைத்தால் அது அங்கேயே தங்கிவிடும். இரண்டு மூன்று துறைகளில், வெவ்வேறு பொருளோடு, அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

ஆனால் பாடத்திட்டங்களின் வரலாறு வேறு வழியில் போயிருக்கிறது. 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, மாணவரே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் 1909-இல் வந்த லாரன்ஸ் லோவல், அது அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்று ஒரு துறையில் ஆழமும் மற்ற துறைகளில் கொஞ்சம் பரவலும் வேண்டும் என்று மாற்றினார். இன்று உலகம் முழுக்கப் பல கல்லூரிகளில் இருக்கும் "இந்தப் பிரிவில் இரண்டு, அந்தப் பிரிவில் இரண்டு" என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொலம்பியா வேறு வழி பிடித்தது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-இல், எல்லோரும் சேர்ந்து படிக்கிற ஒரே பொதுப்பாடமாக "சமகால நாகரிகம்" என்ற பாடத்தைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

இலக்குகளை வெளிப்படையாக எழுதியதில் 1945-இல் ஹார்வர்டு வெளியிட்ட அறிக்கை முக்கியமானது. சிவப்பு அட்டை போட்டு வந்ததால் அதைச் சிவப்புப் புத்தகம் என்றே சொல்வார்கள். பொதுக்கல்வி வளர்க்க வேண்டிய திறன்கள் நான்கு என்றது அது: நன்றாகச் சிந்திப்பது, சிந்தித்ததைப் பிறருக்குப் புரியவைப்பது, பொருத்தமான முடிவுகளை எடுப்பது, விழுமியங்களுக்கிடையே வேறுபாடு காண்பது. நான்கே நான்கு. எங்கள் குழுவின் முதல் வரைவோடு ஒப்பிட்டால் அந்தச் சுருக்கம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் ஒன்று. நான்கையும் எந்த வகுப்பில், எந்தப் பணியில் பார்ப்பது என்ற இடத்தில் அந்த அறிக்கையும் நின்றுவிடுகிறது. பாடப்பிரிவுகள் வந்தன, திறன்கள் முன்னுரையில் தங்கிவிட்டன.

பிரிவுகளை மாற்றுவது எளிது, அதனால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். அதே ஹார்வர்டு 2007-இல் எட்டுப் பிரிவுகளோடு ஒரு திட்டம் கொண்டுவந்து, 2019-இல் அதை நான்காக்கியது. எங்கள் கல்லூரியிலும் சண்டை எல்லாம் பிரிவுகளைப் பற்றித்தான் நடக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பாடம் பொதுக்கல்விப் பட்டியலில் இருந்தால் அதற்கு மாணவர்கள் வருவார்கள். மாணவர்கள் வந்தால் துறைக்கு ஆசிரியர் இடம் கிடைக்கும். மேஜர் மாணவர்கள் குறைந்துபோன ஒரு சிறிய துறைக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒரு மொழித்துறையோ தத்துவத்துறையோ மூடப்படுவதை எந்தக் கல்லூரியும் விரும்பக்கூடாது. ஆனாலும் அந்தக் கவலைதான் இலக்குகளைத் தின்றுவிடுகிறது. பட்டியலில் இடம் பிடிக்க ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு எதிரே எல்லா இலக்குகளிலும் டிக் போட்டுத் தருகிறது. பக்கவாட்டில் பாடங்கள், மேலே இலக்குகள் என்று அந்தப் பெரிய அட்டவணை நிரம்பி வழிகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் கற்பிக்கிறார்கள் என்று அது சொல்கிறது. எந்த இலக்குக்கு யார் பொறுப்பு என்று அதை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது.

வினைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கு எழுதுவது என்றாலே இப்போது கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் கற்றல் நோக்கங்களை அடுக்கிய படிநிலையை எடுத்துவைத்து, "விளக்குவார்", "பகுப்பாய்வார்", "மதிப்பிடுவார்" என்று வினைச்சொல் பொறுக்குவதாக ஆகிவிட்டது. "புரிந்துகொள்வார்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1956-இல் வெளியான அந்தப் படிநிலையின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் 1948-இல் பாஸ்டனில் நடந்த உளவியலாளர் மாநாட்டில் கூடியபோது, தங்கள் கேள்வித்தாள்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுவான வகைப்பாடு வேண்டும் என்று பேசிக்கொண்டதிலிருந்து அது தொடங்கியது. அதாவது கேள்விகள் முதலில் இருந்தன. இலக்குகளை வகைப்படுத்தும்போது அவர்கள் கையில் உண்மையான தேர்வுக் கேள்விகள் இருந்தன. நாம் கேள்வியை விட்டுவிட்டு வினைச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எங்கள் குழுவில் நான் கேட்டது இதுதான். ஒவ்வொரு இலக்கையும் எழுதும்போது, அதைக் கற்பிக்காத ஒரு வகுப்பில் ஒரு மாணவர் எழுதிய காகிதம் நம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எந்த வரியைப் பார்த்தால் இலக்கு நிறைவேறியது என்று சொல்வோம்? அந்த வரியை முதலில் எழுதுவோம், இலக்கை அப்புறம் எழுதுவோம்.

எண்ணறிவில் இப்படி ஆரம்பித்தோம். முதலில் இருந்தது: "மாணவர்கள் அளவுசார் தகவல்களைப் பகுப்பாய்ந்து பயன்படுத்தும் திறன் பெறுவார்கள்." நீண்ட விவாதத்துக்குப் பிறகு வந்தது: "எந்தப் பாடத்தில் எழுதினாலும், தான் சொல்லும் ஒவ்வொரு சதவீதமும் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதை மாணவர் கேட்காமலே சொல்வார். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவார்." அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் இதை வரலாற்று ஆசிரியரும் பார்க்கலாம், பொருளியல் ஆசிரியரும் பார்க்கலாம், இலக்கிய வகுப்பில் வாசகர் எண்ணிக்கை பற்றி ஒரு கட்டுரை வந்தால் அங்கேயும் பார்க்கலாம். கணிதத்துறை நண்பர் முதலில் மிகவும் வருத்தப்பட்டார். இத்தனை பெரிய துறையை ஒரு சதவீதத்துக்குள் சுருக்கிவிட்டீர்களே என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கணிதத்தின் அழகு இதில் இல்லை. அதற்குக் கணிதப் பாடத்தில் இடம் இருக்கட்டும். நான்கு வருடம் கழித்து எல்லா மாணவரிடமும் எதிர்பார்க்கக் கூடியது எது என்பதுதான் இங்கே கேள்வி. மாதக் கணக்கில் முக்கோணவியல் படித்து மறந்தவரைவிட, செய்தியில் ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் "எதில்?" என்று கேட்கிறவர் நன்றாகக் கற்றவர் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது வாதிடுவது. "எதிர்க்கருத்தை மதிப்பது" என்றிருந்ததை இப்படி மாற்றினோம்: தனக்கு உடன்பாடில்லாத கருத்தை, அதை நம்புகிறவர் படித்துவிட்டு "ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி மாணவர் ஒரு பத்தியில் எழுதுவார். இதை வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன், வகுப்பே மாறிவிடுகிறது. முதல் தடவை எல்லோரும் எதிர்த்தரப்பை முட்டாளாக எழுதுவார்கள். எழுதியதை அந்தக் கருத்துள்ள சக மாணவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வேன். "நாங்க இப்படிச் சொல்லவே இல்லையே" என்று பதில் வரும். திருத்தி எழுதி, மறுபடி கொடுத்து, மறுபடி திருத்தி, கடைசியில் தலையாட்டல் கிடைக்கும்போது எழுதியவரின் சொந்தக் கருத்தும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சில சமயம் இன்னும் உறுதியாகியிருக்கும். அதுவும் சரிதான். இந்தப் பழக்கம் உயிரியல் மாணவரின் இறுதியாண்டு அறிக்கையில், யாரும் சொல்லாமல், தன் முடிவுக்கு எதிரான ஆய்வை நியாயமாகச் சொல்லும் ஒரு பத்தியாகத் தெரிந்தால் பொதுக்கல்வி வேலை செய்திருக்கிறது என்று நம்புவேன்.

அறிவியலில்தான் நிறைய நேரம் போனது, போக வேண்டியதும்தான். அறிவியல் மேஜர் இல்லாதவர்களுக்கான பாடம் என்றால் வழக்கமாக எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று பன்னிரண்டு அத்தியாயம் இருக்கும். தேர்வு முடிந்ததும் பன்னிரண்டும் போய்விடும். அதற்குப் பதில், ஒரு அறிவியல் கருத்து எப்படி மறுக்கப்பட்டு எப்படி ஏற்கப்பட்டது என்பதை ஒரே ஒரு விஷயத்தில் அடிவரை போய்ப் பார்க்கலாமே என்பது என் வாதம். கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரெட் வெகனர் 1912-இல் சொன்னார். தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பொருந்தும் விதம், கடலுக்கு இருபுறமும் கிடைத்த ஒரே மாதிரிப் புதைபடிவங்கள், பாறை அடுக்குகள் என்று சான்றுகளையும் காட்டினார். இருந்தும் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. அவர்களைக் குருட்டுப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: கண்டத்தையே நகர்த்தும் விசை எது? வெகனர் சொன்ன விசைகள் அதற்குப் போதவே போதாது. 1960-களில் கடல் தரையின் நடுவே ஓடும் மலைத்தொடரின் இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல அமைந்த காந்தப் பட்டைகளுக்கு, கடல்தரை விரிவதுதான் காரணம் என்று விளக்கம் கிடைத்த பிறகு கருத்து வேகமாக மாறியது. மறுத்தவர்களிடமும் காரணம் இருந்தது, மாறியவர்களிடமும் காரணம் இருந்தது. இதை ஒரு செமஸ்டர் முழுக்க மூலக் கட்டுரைகளோடு படித்த மாணவர், "விஞ்ஞானிகள் நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள்" என்ற பேச்சைக் கேட்கும்போது வேறு விதமாக யோசிப்பார். அவரிடம் நான் எதிர்பார்க்கும் வரி: "இந்த முடிவு எந்தச் சான்று வந்தால் மாறும்?" இதை அவர் ஊட்டச்சத்து பற்றிய செய்தியில் கேட்கட்டும், வரலாற்று வகுப்பில் ஒரு கல்வெட்டின் காலம் பற்றிக் கேட்கட்டும், அங்கே இலக்கு நிறைவேறுகிறது.

நீண்ட எழுத்தைக் கடைசி வரை படிப்பது, தன் துறைக்கு வெளியே உள்ளவருக்குத் தன் வேலையை விளக்குவது ஆகிய இரண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து இலக்குகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஐந்துக்கு மேல் போனால் எந்த ஆசிரியராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் நினைவில் இல்லாதது மாணவர் நினைவில் இருக்க வழியில்லை.

அறவுணர்வு, அழகுணர்வு, படிப்பின் மேல் ஆசை. இவை பட்டியலில் இருக்க வேண்டுமா? இங்கே நான் பலரோடு முரண்படுகிறேன். அளக்க முடியாத இலக்கை நீக்கிவிடு என்ற விதியை என்னால் ஏற்க முடியாது. ஒரு கல்லூரி தன் மாணவர்கள் நேர்மையானவர்களாக வளர வேண்டும் என்று விரும்புவதையே எழுதக்கூடாது என்றால் பிறகு கல்லூரி எதற்கு? அதே சமயம் நேர்மைக்கு ஒன்று முதல் நாலு வரை மதிப்பெண் போடும் ரூப்ரிக்கும், அதாவது நிலை நிலையாகத் தரம் பிரிக்கும் மதிப்பீட்டு அட்டவணையும், எனக்கு வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-இல் வெளியிட்ட ரூப்ரிக்குகளில் அறநோக்கு, வாழ்நாள் கற்றல் ஆகியவற்றுக்கும் நான்கு நிலைகள் உண்டு. விமர்சனச் சிந்தனைக்கு அவர்கள் தந்திருக்கும் ரூப்ரிக் எனக்கு நிறைய உதவியிருக்கிறது, சான்றையும் அனுமானத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அறத்தில் மட்டும் அந்த வழி சரிவராது. எது மதிப்பெண் வாங்கும் பதில் என்று மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதையே எழுதுவார்கள். ஆகவே இரண்டு பட்டியல்கள் போதும் என்கிறேன். ஒன்றில் நாம் பார்த்துச் சரிபார்க்கும் ஐந்து இலக்குகள். இன்னொன்றில் நாம் விரும்புபவை. பின்னதை எந்தப் பாடத்தில், எந்த நூல்கள் வழியாக, எப்படிப்பட்ட உரையாடலில் மாணவர் முன் வைக்கிறோம் என்று மட்டும் எழுதுவோம். விளைவை அவரிடமே விடுவோம்.

பயிற்சியின் அளவு பற்றிச் சொல்லாமல் இலக்கு பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. 2011-இல் ரிச்சர்ட் ஏரமும் ஜோசிபா ரோக்சாவும் வெளியிட்ட ஆய்வு, கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் 45 சதவீத மாணவர்களிடம் சிந்தனைத் திறன் சோதனையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று சொல்லிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்த 45-ஐ எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்கு நியாயமான எதிர்ப்புகள் உண்டு, ஒவ்வொரு மாணவரிடமும் புள்ளியியல் முறையில் உறுதி செய்ய முடியாத முன்னேற்றம் எல்லாம் முன்னேற்றமே இல்லை என்று ஆகிவிடாது. எனக்கு அதைவிட உறுத்தியது அதே ஆய்வில் இருந்த வேறொன்று. முந்தைய செமஸ்டரில் மொத்தம் இருபது பக்கத்துக்கு மேல் எழுதவைத்த பாடம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை என்று பாதி மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் திறன் என்று இலக்கு எழுதிவிட்டு எழுதவே வைக்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? நாற்பது பேர் வகுப்பில் ஒரு ஆசிரியர் எத்தனை கட்டுரைகளைத்தான் திருத்துவார் என்பது உண்மையான கேள்வி. ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில், அதற்கு எத்தனை ஆசிரியர் நேரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று ஒரு எண் எழுதச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் போட நிர்வாகம் தயங்கினால் அந்த இலக்கை அடித்துவிடுவது மாணவருக்குச் செய்யும் மரியாதை.

இயந்திரமே கட்டுரை எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு மாணவரோடு ஐந்து நிமிடம் பேசினால் எது அவருடையது என்று தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஆள் வேண்டும், மேலே சொன்ன கேள்விக்கே திரும்ப வருகிறோம்.

இப்போது எங்கள் குழுவில் என் முன்மொழிவு இந்த நிலையில் இருக்கிறது. இறுதியாண்டில் ஒவ்வொரு மேஜரிலும் மாணவர்கள் ஏற்கெனவே ஒரு நீண்ட அறிக்கை எழுதுகிறார்கள். புதிதாகத் தேர்வு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துறையிலிருந்தும் பெயர் நீக்கிய சில அறிக்கைகளை எடுத்து, வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் படிக்க வேண்டும். சதவீதங்களுக்கு அடித்தளம் சொல்லியிருக்கிறாரா, எதிர்த்தரப்பை நியாயமாக வைத்திருக்கிறாரா, எந்தச் சான்று வந்தால் தன் முடிவு மாறும் என்று எங்காவது சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இப்படிப் பார்ப்போம் என்று மாணவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மதிப்பெண்ணும் கிடையாது, ஏனென்றால் இது நம் பாடத்திட்டத்துக்கான தேர்வு. முன்கூட்டிச் சொல்லாமல் பார்ப்பது முறையா என்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். நல்ல கேள்விதான். அறிக்கைகளை இப்படி ஆய்வுக்கு எடுக்கலாமா என்று முதலாண்டிலேயே பொதுவான ஒப்புதல் வாங்கிவிடலாம், எதைத் தேடுகிறோம் என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். பொறியியல் துறையும் வரலாற்றுத் துறையும் முதலில் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கின்றன. வரலாற்றுத் துறையின் அறிக்கைகளைப் பொறியியல் ஆசிரியர்கள் படிப்பார்கள், பொறியியல் அறிக்கைகளை வரலாற்றுக்காரர்கள் படிப்பார்கள்.